பதினேழு விதைகளும் ஒரு கதிர்க்கட்டும்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நேரம் பார்த்து மணியடிப்பதில் நிகரில்லாதவரே, இன்று ஒருநாள் மட்டும் அந்த மணியை மடியிலேயே வைத்திருக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அருள்மொழி வழங்கி அமர்ந்திருக்கும் ஆயர் ஐயா அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இவன் என்னத்தைப் பேசப்போகிறான்" என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் மூத்த பெரியவர்களே! விடியுமுன் எழுந்து, வீட்டைப் பெருக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, அத்தனைக்கும் பிறகு நமக்கெல்லாம் முந்தி வந்து இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே! உங்களை வணங்குகிறேன். கிறிஸ்து உயிர்த்தெழுந்த முதல் உயிர்ப்பு நாளன்று கல்லறை வாசலுக்கு முந்திப் போனவர்களும் உங்களைப் போன்ற பெண்கள்தான். ஆண்கள் அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தார்கள். இன்றைக்கும் வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். வாருங்கள், வாருங்கள், உங்களுக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். விதை ஆய்வுக்கூடத்தில் விதை எண்ணுகிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எண்ணுகிறேன். வயலில் விளைந்தது விதைக்குத் தகுமா, தகாதா என்று சொல்வது என் வேலை. என் பேனா "தகும்" என்றால் அது மறுபடியும் மண்ணுக்குப் போகும். "தகாது" என்றால் மாட்டுத்தீவன ஆலைக்குப் போகும். என்ன அம்மா, சத்தம் கேட்கவில்லையா? ஒலிபெருக்கியைக் கொஞ்சம் ஏற்றுங்கள் தம்பி. இப்போது கேட்கிறதா? நல்லது.

இந்த மேசைமேல் ஒரு கதிர்க்கட்டு கிடக்கிறதே, அதைப் பார்த்து நீங்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்வது இங்கே வரை கேட்கிறது. "பூங்கொத்து வைக்க வேண்டிய இடத்தில் புல்லுக்கட்டை வைத்திருக்கிறார்களே!" இதோ இந்த அக்காதான் சொன்னார்கள், நான் பார்த்துவிட்டேன். இது புல்லுக்கட்டு இல்லை அக்கா, வாற்கோதுமைக் கதிர். கடையில் போய் பார்லி என்று கேட்பீர்களே, அதுதான். நேற்று மாலை அறுத்தது. இது நின்ற வயலில் இன்னும் வேறொரு கதிர்மேல் அரிவாள் படவில்லை. முற்றிய வயல் முழுவதும் அப்படியே நிற்கிறது, அறுக்க ஆள் இருக்கிறது, ஆனாலும் ஒருவர் அறுக்காமல் காத்திருக்கிறார். ஏன் காத்திருக்கிறார்? அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

அன்பர்களே! ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன், பழைய இஸ்ரவேல் மக்களுக்கு ஒரு கட்டளை இருந்தது. வயல் விளைந்துவிட்டதா? மகிழ்ச்சி. மணி முற்றிவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் ஒரு வாய் தின்னாதே! புதிய தானியத்தில் அப்பம் சுடாதே, வறுத்துக் கொறிக்காதே, பச்சைக் கதிரைக் கசக்கி வாயில் போடாதே. முதலில் அறுத்த ஒரே ஒரு கதிர்க்கட்டைக் கொண்டுவந்து குருவின் கையில் கொடு. ஓய்வுநாளுக்கு மறுநாள் அவர் அதைக் கடவுளின் திருமுன் உயரத் தூக்கி அசைவாட்டுவார். அதற்குப் பிறகு உன் வயல் உன்னுடையது.

எண்ணிப் பாருங்கள்! வயல் முழுக்க எத்தனை கட்டு? நூறா, ஆயிரமா? அத்தனையையுமா கேட்டார்? ஒன்று! ஒரே ஒரு கட்டு! அந்த ஒன்று ஏற்கப்பட்டால் நிற்கிற வயல் முழுவதும் ஏற்கப்பட்டது. அந்த ஒன்று உயர்ந்தால் ஊரெல்லாம் விளைந்தது உயர்ந்தது. அவர்களுக்கு அது அறுவடையின் நன்றி, அந்த நன்றி அவர்களுடையது, அதை நாம் பறித்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த ஓய்வுநாளுக்கு மறுநாள் என்று அவர்களுக்குள்ளேயே வழக்காடியதும் உண்டு. ஆனால் கிறிஸ்துவை நம்புகிற நாம் அந்தக் கட்டின் பின்னால் ஒரு நிழலைப் பார்க்கிறோம். ஓய்வுநாள் கடந்த மறுநாள், வாரத்தின் முதல் நாள், விடியற்காலம், ஒரு கல்லறை திறந்து கிடந்தது! மண்ணுக்குள் வைக்கப்பட்டவர் மண்ணுக்கு மேலே நின்றார்! மரித்தவர்கள் எல்லாருக்கும் அவரே முதற்பலன், முதலில் அறுத்த அந்தக் கட்டு, என்று நம் முன்னோர் நம்பினார்கள், நாமும் நம்புகிறோம்.

நம்புகிறோமா? தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார். நானும் போன ஆண்டு வரை அப்படித்தான் தலையாட்டினேன். என் அக்காவின் கணவர், என் அத்தான், ஒரு கேள்வி கேட்டார், அன்றோடு என் தலையாட்டல் நின்றது.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். சிரித்தால் அடுத்த தெரு வரை கேட்கும். இந்தக் கூடத்தில் பாட்டு தொடங்கும்போது எல்லாருக்கும் அரை வரி முந்திப் பாடுவாள், யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். முந்திய ஆண்டு விதைப்பில் அவளும் அத்தானும் சேர்ந்துதான் வாற்கோதுமை விதைத்தார்கள். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது படுத்தாள். கதிர் வெளியே வருமுன் போய்விட்டாள். கடைசி நேரத்தில் அவள் கையை ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன், மறுபக்கம் அத்தான் பிடித்திருந்தார்.

அறுவடை வந்தது. அத்தான் தனியாக அறுத்தார். ஒரு மணியைக்கூட ஆலைக்கு அனுப்பவில்லை. "இது அவ கையால விதைச்சது. இதை மாவாக்க விடமாட்டேன். அத்தனையும் திரும்ப மண்ணுக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டார். மனுஷன் இந்தக் கூடத்துக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். ஆயர் ஐயா வீட்டுக்குப் போனால் எழுந்து நிற்பார், நாற்காலி போடுவார், வாய் மட்டும் திறக்க மாட்டார். அவருக்குப் பிடிமானம் என்று மிஞ்சியது அந்த மூட்டைகள்தான்.

ஆய்வுக்கூடத்தில் முளைப்புச் சான்று வாங்கிய பிறகுதான் விதைப்பேன் என்றார். மாதிரி எங்களிடம் வந்தது. எங்கள் வழக்கம் என்னவென்றால், மாதிரிப் பையில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும், அது யாருடைய எண் என்பது விதை கொடுத்தவருக்குத்தான் தெரியும். தம்பி என்றும் மாமன் என்றும் பார்த்து யாரும் சலுகை காட்டிவிடக் கூடாதல்லவா? பை எண் நாற்பத்தாறு. பிரித்தேன். நானூறு விதை எண்ணினேன். ஈரத்தாளில் வரிசையாகப் பரப்பினேன், சுருட்டினேன், முளைப்பு அறையில் வைத்தேன்.

ஏழாம் நாள் தாளை விரித்தேன். நானூற்றில் முளைத்தது எத்தனை தெரியுமா? முப்பத்தொன்று!

எங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. முளைத்தவை, உறங்குபவை, இறந்தவை. புதிதாக அறுத்த தானியம் சிலசமயம் உயிரோடு இருந்தும் முளைக்காது, அதைத்தான் உறங்குபவை என்போம். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு விதையையும் இடுக்கியால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நசுங்கினால் செத்தது, கெட்டியாக இருந்தால் உறங்குவது. நான் அமுக்கினேனா? இல்லை! இருபத்திரண்டு வருட அனுபவசாலிக்கு இடுக்கி எதற்கு? கண்ணால் பார்த்தாலே தெரியாதா? முளைத்தவை முப்பத்தொன்று. உறங்குபவை கட்டத்தில் ஒரு கோடு, அதாவது ஒன்றுமில்லை. இறந்தவை முந்நூற்று அறுபத்தொன்பது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். தாள்களைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

கை துடைக்கிற நேரம் தொலைபேசி அடித்தது. அத்தான்.

"மாப்ளே, வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல, நம்ம நாப்பத்தாறாம் நம்பர் என்னாச்சுன்னு கேட்கலாம்னு…"

அன்பர்களே, நான் இறந்ததென்று எழுதியது அக்கா விதைத்ததன் விளைச்சல்! "இன்னும் பாக்கல அத்தான்" என்று பொய் சொன்னேன். ஆம், பொய்தான், ஆயர் ஐயா மன்னிக்க வேண்டும். நேரே எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவிடம் ஓடினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எந்நேரமும் கையில் இடுக்கியோடு இருப்பதால் நாங்கள் முதுகுக்குப் பின்னால் "இடுக்கி அம்மா" என்று சொல்லிச் சிரிப்போம். நடந்ததைச் சொன்னேன்.

"உங்க வீட்டு விதைங்கிறதை நான் கேட்கலை" என்றார். "அமுக்கிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"தாள் எங்கே?"

"குப்பைத் தொட்டில."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குப்பைத் தொட்டியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப்போட்டு, இருவரும் தரையில் உட்கார்ந்தோம். தேயிலைச் சக்கைக்கும் கிழிந்த தாளுக்கும் நடுவிலிருந்து, நான் கொன்றுபோட்ட விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவர் ஒன்றை எடுத்து இடுக்கியால் அமுக்கினார். கெட்டி. இன்னொன்று. கெட்டி. பத்து, இருபது, முப்பது. எல்லாம் கெட்டி!

"இதெல்லாம் தூங்குது சார்" என்றார். "நீங்க சாவுச் சான்றிதழ் எழுதியிருக்கீங்க."

உறங்கும் விதையை எழுப்ப என்ன செய்ய வேண்டும்? வெயிலில் வைக்க வேண்டுமா? உரம் போட வேண்டுமா? குளிரில் வைக்க வேண்டும்! வெளிச்சமில்லாத, ஓசையில்லாத குளிரில், ஈரத்தோடு கிடத்தி மூடிவிட வேண்டும். அலுவலகக் குளிர்ப்பெட்டியில் எங்கள் சாப்பாட்டு டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு அந்த முந்நூற்று அறுபத்தொன்பதையும் உள்ளே வைத்தோம். கதவை மூடியபோது அந்தச் சத்தம் எனக்கு அக்காவின் பெட்டியை மூடிய நாளின் சத்தமாகக் கேட்டது. ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு முளைப்பு அறைக்கு மாற்றினோம்.

நாள் வந்தது. தாளை விரிக்க எனக்குத் தைரியம் இல்லை, அந்த அம்மாதான் விரித்தார். என்ன கண்டேன்! வெள்ளை வெளேரென்று வேர்! பச்சைப் பசேலென்று முளை! வரிசை வரிசையாக, வளைந்தும் நெளிந்தும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நான் இறந்ததென்று எழுதியவை எல்லாம் எழுந்து நின்றன! இத்தனை வருடம் பார்த்த காட்சிதான், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். எண்ணினோம். முந்நூற்று ஐம்பத்திரண்டு முளைத்திருந்தது. பதினேழு முளைக்கவில்லை. அந்தப் பதினேழையும் இடுக்கியால் அமுக்கினார். கூழாக நசுங்கின. அவை உண்மையாகவே செத்தவை.

படிவத்தைத் திருத்த வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. தவறை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை பூசி மறைக்கக் கூடாது. எழுதியதன் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி. அப்படியே செய்தேன். என் தவறு இன்றும் அந்தக் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

அன்று மாலை அத்தான் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், குப்பைத் தொட்டி வரை சொன்னேன். மூன்று கட்டங்களையும் தரையில் குச்சியால் கீறிக் காட்டினேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கட்டங்களைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"அப்ப உங்க அக்கா எந்தக் கட்டத்துல மாப்ளே?"

நான் வேதபாடம் படித்தவன் ஆயிற்றே! சட்டென்று நடுக்கட்டத்தைத் தொட்டேன். "தூங்குறா அத்தான்."

"நானும்தான் கையைப் பிடிச்சிருந்தேன்" என்றார். "அமுக்கிப் பாத்தாத் தெரியும்னு நீதானே சொன்னே? அமுக்கிப் பாத்தவன்கிட்ட வந்து கதை சொல்லாதே."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விதை மண்ணுக்குப் போயிற்று, பயிர் வந்தது, ஆனால் அந்தக் கேள்வி என்னோடு மாதக்கணக்காகப் படுத்தெழுந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. முளைத்த அந்த முந்நூற்று ஐம்பத்திரண்டும் செத்து எழுந்தவை இல்லை, அவை ஒருநாளும் சாகவே இல்லை! விதை முளைப்பதைக் காட்டி உயிர்த்தெழுதல் இதுதான் என்றால், அது ஆய்வுக்கூடத்துக்காரன் செய்யக்கூடாத மோசடி. என் அக்கா உறங்கவில்லை. என் அக்கா இறந்தாள். அந்தப் பதினேழோடு இருந்தாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! இங்கேதான் அந்தப் பழைய கதிர்க்கட்டு என் கையைப் பிடித்தது.

மாதிரி எடுப்பதற்கு ஒரு விதி உண்டு. எந்தக் குவியலைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அந்தக் குவியலிலிருந்தே எடுக்க வேண்டும். பக்கத்து மூட்டையிலிருந்து எடுத்த மாதிரி, பொன்னாக இருந்தாலும் செல்லாது. அந்தக் கதிர்க்கட்டும் அப்படித்தான். வானத்திலிருந்து விழுந்த கதிரையா கேட்டார்கள்? கடைத்தெருவில் வாங்கிய கதிரையா கேட்டார்கள்? அதே வயலில், அதே மழையில் நனைந்து, அதே வெயிலில் காய்ந்து, மற்றதோடு தோளுரசி நின்ற கதிரைக் கேட்டார்கள். அதனால்தான் அது வயலுக்காகப் பேச முடிந்தது!

நம் முதற்பலன் எந்த வயலில் விளைந்தார்? நம் வயலில்! பசித்தாரா? பசித்தார். களைத்தாரா? களைத்துக் கிணற்றங்கரையில் உட்கார்ந்தார். அழுதாரா? நண்பனின் கல்லறை முன் நின்று அழுதார். இறந்தாரா? உறங்கினாரா, மயங்கினாரா என்று கேட்க இடமில்லாதபடி, விலாவில் ஈட்டி இறக்கிப் பார்த்தார்கள்! என் மேற்பார்வையாளர் அம்மாவின் இடுக்கியைவிட இரக்கமில்லாத சோதனை அது. சோதித்தவன் கையெழுத்துப் போட்டான். கட்டம் மூன்று. இறந்தவை!

அந்தக் கட்டத்திலிருந்து எழுந்தார்! முளைக்கிற முந்நூற்று ஐம்பத்திரண்டுக்காக அவர் வர வேண்டியதில்லை. அதற்குக் குளிரும் ஈரமும் போதும். எந்தக் குளிரும் எந்த ஈரமும் ஏதும் செய்ய முடியாத அந்தப் பதினேழுக்காக வந்தார். பதினேழில் ஒருவராகக் கிடந்தார். வாரத்தின் முதல் நாள் விடியலில், பதினேழில் ஒருவராக இருந்தவர் எழுந்து நின்றார்! அப்படியானால் மற்றவை? அதே குவியல் அல்லவா? அதே வயல் அல்லவா? ஒரு கட்டு உயர்ந்துவிட்டதென்றால், நிற்கிற வயலுக்கு என்ன பெயர்? ஏற்கப்பட்ட வயல்!

மரித்தவர்களை "உறங்குகிறார்கள்" என்று நம் முன்னோர் எழுதியதை இனிப்பான பேச்சு என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லை உண்மையாக்க ஒருவர் உண்மையாகவே சாக வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. அதை நினைத்தால் எனக்கு மேனி சிலிர்க்கிறது. ஆராய்கிறவன் நான், ஆனாலும் இங்கே ஆராய்ச்சி முடிந்து மண்டியிடத்தான் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று, தலைவர் அவர்களே, உங்கள் கை மணியைத் தேடுவது தெரிகிறது, ஒரே நிமிடம். எழுந்தவர் தம் காயங்களை மறைத்தாரா? காட்டினார்! கையைக் காட்டினார், விலாவைக் காட்டினார். எனக்கு எங்கள் படிவம் நினைவுக்கு வந்தது. அழிக்கவில்லை. கிழிக்கவில்லை. வெள்ளை பூசவில்லை. "இறந்தவை" என்ற சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது இன்றும் படிக்கத் தெரிகிறது, பக்கத்தில் அவருடைய கையொப்பம், அவருடைய தேதி!

போன வாரம் அத்தானிடம் போய் இதைத்தான் சொன்னேன். "அத்தான், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அக்கா மூணாவது கட்டத்துலதான் இருந்தா. நம்ம ஆண்டவரும் அதே கட்டத்துலதான் கிடந்தாரு." அவர் வரப்பில் குனிந்து ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். வயல் முற்றிப் பழுத்து நின்றது, அக்கா விதைத்ததன் விளைச்சலிலிருந்து வந்த விளைச்சல்.

நேற்று மாலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அத்தான் நின்றார், மார்போடு அணைத்தபடி இந்தக் கட்டு.

"ஆயர்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். "ஒரு கட்டு போதுமாம். இதை நாளைக்குத் தூக்கிட்டுச் சொல்லு, அப்புறம் அறுக்கிறேன்."

தூக்குகிறேன் என்று வாங்கி வைத்தேன். ஆனால் அன்பர்களே, இந்த மேடையில் நின்று பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. கடைசி வரிசையில், தூணோரம், ஓராண்டுக்குப் பிறகு இந்தக் கூடத்துக்குள் வந்து, வந்தது தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நான் பார்த்துவிட்டேன். அத்தான்! எழுந்து வாங்க. யாரும் திரும்பிப் பார்த்து அவரைக் கூச்சப்படுத்தாதீர்கள். சரி, பாருங்கள், பரவாயில்லை. வழி விடுங்கள் தாய்மார்களே. வாங்க அத்தான், படி உயரம், பார்த்து. இந்தாங்க, பிடிங்க. இது உங்க கை தூக்க வேண்டிய கட்டு.

என்ன அத்தான்? கேட்கலை. ஒலிபெருக்கி பக்கம் வந்து சொல்லுங்க.

"எவ்வளவு உயரம் தூக்கணும் மாப்ளே?"

உங்க கை எட்டுற வரைக்கும் அத்தான்.

பாருங்கள், என் மக்களே, பாருங்கள்! அசைகிறது! ஒரு வயல் முழுவதும் அங்கே அசைகிறது!

நாளைக் காலை அத்தான் வயலில் அறுப்பு. கை இருப்பவர்கள் எல்லாரும் வாருங்கள், அரிவாள் இல்லாதவர்களுக்கு நான் தருகிறேன். இவ்வளவு நேரம் மணியை மடியிலேயே வைத்திருந்த தலைவருக்கும், ஒரு கட்டு போதும் என்ற ஆயர் ஐயாவுக்கும், அமைதியாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இப்போது நாம் பாடப்போகிறோம். தொடங்கும்போது யாராவது அரை வரி முந்திப் பாடினால் இன்று ஒருவரும் அதட்டாதீர்கள். உங்கள் வீடுகளில் அமைதி தங்கட்டும், உங்கள் கல்லறைகளில் விடியல் தங்கட்டும். வணக்கம்.